பெரட்டுக்குக் கூப்பிட்ட குரல்

அக்கா, நான் திலக்ஷன். கொழும்புத் துணிக்கடையில் லீவு சொல்லிவிட்டு வந்தேன். இப்போது அக்கரப்பத்தனையில், நம் தேயிலைத் தோட்டத்து ஆஸ்பத்திரியில், அம்மாவின் கட்டிலருகே இருக்கிறேன். ஒரு கை அம்மாவின் மாஸ்க்கை அழுத்திப் பிடித்திருக்கிறது. அதனால் போனிடம் பேசித்தான் எழுதுகிறேன், பிரியந்தி அக்கா. குவைத்தில் நீ வேலைக்குக் கிளம்பும் முன் இதை முழுதாகப் படி.

நேற்று மதியம் நான் வந்து இறங்கியபோது இந்த வார்டில் விசித்திரமாக எதுவும் இல்லை. மலையில் வழுக்கிக் கால் முறிந்து மூன்று வாரம் கட்டோடு கிடந்த அம்மாவுக்கு, காலில் உறைந்த இரத்தக் கட்டி மேலேறி நுரையீரலை அடைத்துவிட்டதாம்.

"கட்டி பெருசாகாம இருக்க ஊசி போட்டாச்சு. மாஸ்க்க மட்டும் கழட்ட விடாதீங்க" என்றார் டாக்டர்.

அம்மாவின் விரலில் மாட்டிய சின்னக் கருவி, இரத்தத்தின் ஒட்சிசன் அளவு தொண்ணூற்றிரண்டு என்று காட்டியது. தொண்ணூறுக்குக் கீழே போகக் கூடாதாம். நுவரெலியா பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். பாதையில் மண் சரிந்து கிடப்பதால் ஆம்புலன்ஸ் வரவில்லை.

இன்று காலை ஏழு மணி. சன்னல் முழுக்க வெள்ளைப் பனி. மருந்து வாடை. ஒட்சிசன் சிலிண்டரோடு பொருத்திய தண்ணீர்க் குப்பியில் குமிழி கொப்பளிக்கும் சத்தம் மட்டும்.

அது நின்றது.

பக்கத்துக் காலிக் கட்டிலிலிருந்து கரகரத்த குரல்.

"நாகலெட்சுமி!"

அம்மா மாஸ்க்கைப் பிய்த்தெறிந்து எழுந்தார். "வந்துட்டேங்க கங்காணி!"

எண்பத்தொன்று. எழுபத்துநான்கு.

படுக்க வைத்து மாஸ்க்கை அழுத்தினேன். வார்டு உதவியாள் சோலைமலை அண்ணன் ஓடிவந்தார்.

"யாருண்ணே கூப்பிட்டது?"

"கொழும்பு தொரைக்கும் கேட்டுருச்சா?" அவர் அந்தக் கட்டிலைப் பார்க்கவில்லை. "வீரய்யா கங்காணி. போன வாரம் அங்கனதான், இதே சிலிண்டர்லதான் கடைசி மூச்சு விட்டாரு. முப்பது வருசம் பெரட்டுல நின்னு, வேலைக்கு வந்த சனத்தப் பேர் சொல்லிக் கூப்பிட்ட மனுசன். இப்ப பதில் சொல்றவங்க மூச்ச வாங்கிக்கிட்டுப் போறாரு."

"பதில் சொல்லாட்டி?"

"திரும்பக் கூப்பிடுவாரு. பெரட்டுல பேர் கேட்டா தூக்கத்துலயும் கத்துற ஆளுங்க நாம. ஒங்கம்மாவ எப்புடிப்பா நிப்பாட்டுவ?"

மறுபடி குமிழி நின்றது.

"நாகலெட்சுமி!"

அம்மாவின் இரண்டு கைகளும் என் கையோடு மல்லுக்கட்டின. எழுபது. அறுபத்தெட்டு.

அம்மா பிந்தி வரும் நாட்களில், பெரட்டில் கூட்டத்துக்குள் நின்று அவருக்காக நீ குரல் கொடுப்பாயே. அதையே நானும் செய்தேன்.

"வந்துட்டேங்க."

குமிழி கொப்பளித்தது. அம்மாவுக்குத் தொண்ணூற்றைந்து. அப்படியே தூங்கிப்போனார்.

சோலைமலை அண்ணனின் முகம் வெளிறியது. "என்ன தம்பி செஞ்ச?"

நான் ஓடவில்லை, மலை ஏறவில்லை. ஆனால் மூச்சு வாங்கியது. கருவியை என் விரலில் மாட்டினேன். எண்பத்து மூன்று. டாக்டர் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு, "நெஞ்சு சுத்தமாத்தானே இருக்கு?" என்றார். இங்கே இருப்பது ஒரே சிலிண்டர். அது அம்மாவிடம்.

இப்போது எழுபத்தொன்பது.

குமிழிச் சத்தம் மறுபடி நின்றுவிட்டது.

பிரியந்தி

பிரியந்தி

மேலே உன் பேர் விழுந்திருக்கிறதே, அதை நான் சொல்லவில்லை. போன் வேறு யாரோ பேசுவதைக் கேட்டு எழுதுகிறது.

அக்கா, அங்கே யார் உன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டாலும் தயவு செய்து வாய் திறக்காதே.