நன்றி சொல்லாதவர்

“இன்னும் யாருக்குடி ஊத்திக்கிட்டே இருக்க? அதான் எல்லாரும் நன்றி சொல்லியாச்சே.”

“கடைசி சீட்டுல இருக்கறவங்க சொல்லலையே.”

“கடைசி சீட்டுல நம்ம ஈர மழைக்கோட்டு மூட்டைதானடி கெடக்கு. அதுக்கா இவ்ளோ தாகம்?”

வேன் முழுக்கச் சிரித்தது. சுனில்தாவும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே, பின்னாலிருந்து கைமாறி வந்த காலிக் குவளையை வாங்கியபோது அவள் விரல்கள் மரத்துப்போயின. ஐஸ் தண்ணீரின் குளிர் அல்ல. நெடுநாள் ஆற்றடியில் கிடந்த கல்லைத் தொட்டது போலிருந்தது.

அவள் ஓட்டுநருக்குப் பக்கத்தில், கால்களுக்கு நடுவே தெர்மாஸை இடுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். காலையில் பராகுவேயிலிருந்து கிளம்பும்போதே தெரெரே பானம் ஊற்றும் வேலை அவள் தலையில் விழுந்துவிட்டது. இலை நிரப்பிய மாட்டுக்கொம்புக் குவளையில் குளிர்ந்த நீரை ஊற்றி அவள் நீட்டுவாள், ஒருவர் உலோகக் குழலால் உறிஞ்சிவிட்டுத் திருப்பித் தருவார், அடுத்தவருக்கு ஊற்றுவாள். போதும் என்று நினைப்பவர் நன்றி சொல்வார். சொன்னவருக்கு அப்புறம் கிடையாது. சொல்லாதவரைத் தாண்டிப் போனால் முகத்தில் அடித்த மாதிரி.

கேலி செய்தவள் பிளாசிதா. சந்தையில் பக்கத்துக் கடைக்காரி, சுனில்தாவின் மகளுக்கு ஞானத்தாய். அந்த மகள், ஆறு வயது யெருத்தி, சுனில்தாவுக்கு நேர் பின்னால் பிளாசிதாவின் மடியில் தூங்கிக்கொண்டிருந்தாள். இந்தப் பயணமே அவளுக்காகத்தான். வகுப்பில் இகுவாசு அருவியைப் பார்க்காத பிள்ளை தான் ஒருத்திதான் என்று ஒரு வாரம் அழுதிருந்தாள். சுனில்தா தேடிப் பிடித்தது இருப்பதிலேயே மலிவான வேன். சாப்பாடு அவரவர் பாடு, மழைக்கோட்டு அவரவர் பாடு, உள்ளே விளக்கு கிடையாது.

பிரேசில் பக்கமிருந்து திரும்பும் வழியில், எல்லையிலுள்ள நட்புப் பாலத்தின் நடுவில் வேன் அரை மணி நேரமாக நகரவில்லை. வெளியே மழையும் அந்தியும் ஒன்றாக இறங்கிக்கொண்டிருந்தன. முன்னால் பேருந்துகளின் சிவப்பு விளக்குகள் கண்ணாடியில் கரைந்து வழிந்தன, பக்கவாட்டில் மோட்டார் சைக்கிள்கள் சேற்றை இறைத்தபடி ஊர்ந்தன, எங்கோ கீழே, கண்ணுக்குத் தெரியாத ஆழத்தில், பரனா ஆறு போய்க்கொண்டிருந்தது. வேனுக்குள் ஈரத் துணியும் மிச்சமிருந்த சிப்பா ரொட்டியின் பாலாடைக்கட்டியும் சேர்ந்து மணத்தன. அவற்றுக்கு அடியில் இன்னொரு வாசனை: பாசி, நனைந்த பாறை. பகலெல்லாம் அருவியில் அடித்த அதே வாசனை.

காதிலும் அருவி இரைந்தது. “ரெண்டு நாளைக்கு அந்தச் சத்தம் காதுலயே நிக்கும், பயப்படாதீங்க” என்று ஓட்டுநர் தோன் எலிஹியோ மதியமே சொல்லியிருந்தார். சுனில்தா இரண்டு காதுகளையும் உள்ளங்கைகளால் அழுத்தி மூடிப் பார்த்தாள்.

சத்தம் நின்றது.

கைகளை எடுத்தாள். மீண்டும் வந்தது. மெல்ல, சீராக, வேனின் பின்பக்கத்திலிருந்து.

“நெமேசியோ,” என்று திரும்பாமலே கூப்பிட்டாள். கடைசிக்கு முந்தின வரிசையில் மனைவியோடு இருந்த செருப்புக்கடைக்காரர் அவர். “குவளைய யார்கிட்ட குடுக்கறீங்க?”

“பின்னாலேருந்து கை நீட்டறாங்க, குடுக்கறேன். மூஞ்சியப் பாத்துட்டுதான் குடுக்கணுமா?”

“அவரு பொண்டாட்டி மூஞ்சியவே பாத்து வருஷக்கணக்காச்சு” என்றாள் பிளாசிதா. நடு வரிசையில் இருந்த இரண்டு கல்லூரிப் பெண்களும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

“கொஞ்சம் திரும்பிப் பாருங்களேன், நெமேசியோ.”

இருக்கை கிரீச்சிடும் ஓசை கேட்டது. பெண்களின் சிரிப்பு தானாக அடங்கியது.

“நெமேசியோ?”

“தண்ணி இருக்கான்னு கேக்கறாங்க” என்றார் அவர். கேலியெல்லாம் வடிந்துபோன குரல்.

சுனில்தாவுக்கு அப்போதுதான் மதியம் நினைவுக்கு வந்தது. அருவியின் வாய்க்கு நேராக நீண்டிருக்கும் நடைபாலத்தில், புகைபோல் எழும் சாரலில், எல்லோரும் பிளாஸ்டிக் கோட்டுகளுக்குள் முகமில்லாமல் நின்றார்கள். அந்த இரைச்சலிலும் தெரெரே வேண்டும் என்று அடம்பிடித்தவள் பிளாசிதாதான். சுனில்தா குனிந்து, குவளைக்குள் சாரல் விழாமல் மறைத்துக்கொண்டு, எதிரே நீண்ட கைகளுக்கெல்லாம் ஊற்றிக்கொண்டே போனாள். கடைசியாக இடப்பக்கமிருந்து ஒரு கை நீண்டது. வெளிறிய, தோல் சுருங்கிய கை. அதற்கும் கொடுத்தாள். வெகுநேரம் உறிஞ்சிவிட்டுக் குவளை திரும்பி வந்தது. நன்றி வரவில்லை.

இடப்பக்கம் கம்பித் தடுப்பு இருந்தது. கை நீண்டது தடுப்புக்கு வெளியிலிருந்து. வெளியே நிற்க இடம் ஏது?

“தோன் எலிஹியோ, கொஞ்சம் லைட்டப் போடுங்க.”

“ஃபியூஸ் போயி ஒரு மாசமாச்சு, தாயி.” அவர் கதவைத் திறந்தார். “இருங்க, முன்னாடி என்ன கூத்துன்னு பாத்துட்டு வரேன்.”

“போகாதீங்க.”

“இந்தா, ரெண்டே நிமிஷம்.” கதவு சாத்திக்கொண்டது. மழை அவரை விழுங்கியது.

தெர்மாஸைச் சாய்த்தாள். கடைசி மடக்கு குவளையில் விழுந்தது. அனுப்பாமல் மடியிலேயே வைத்துக்கொள்ளத்தான் நினைத்தாள். ஆனால் பிளாசிதாவின் கை தோளுக்கு மேல் நீண்டு குவளையை வாங்கிப் பின்னால் கொடுத்துவிட்டது. நாள் முழுக்கச் செய்த வேலை, கை தானாகச் செய்கிறது.

“தண்ணி தீந்துபோச்சுன்னு சொல்லுங்க” என்றாள் சுனில்தா. “இதோட போதும்னு சொல்லுங்க.”

செய்தி வரிசை வரிசையாகப் பின்னால் போனது. தீந்துபோச்சாம். தீந்துபோச்சாம்.

குழல் அடிவரை உறிஞ்சும் களகளப்பு கேட்டது. அதன்பின் குவளை திரும்பவில்லை.

அதற்குப் பதிலாகத் தண்ணீர் ஊற்றும் சத்தம். கடைசி இருக்கையில். இருட்டில். யாரோ நிதானமாக, குவளை நிறைய, ஊற்றினார்கள்.

“அங்க யார்கிட்ட தண்ணி இருக்கு?” என்றாள் பிளாசிதா. “முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல.”

களகளப்பு. “நன்றி” என்றார் நெமேசியோ.

மறுபடி ஊற்றும் சத்தம், மறுபடி களகளப்பு. “நன்றி.” அவர் மனைவி.

சுனில்தா காத்திருந்தாள். அவர் இருமுவார், அவள் ஏதாவது முணுமுணுப்பாள் என்று. அந்த வரிசையில் மூச்சுகூடக் கேட்கவில்லை. அருவியின் இரைச்சல் மட்டும், இப்போது ஒரு வரிசை நெருங்கியிருந்தது.

“பிளாசிதா, பாப்பாவ என்கிட்ட குடு.”

“தூங்கறா, விடேன்டி. பாலம் தாண்டட்டும்.”

“இப்பவே குடு.”

நடு வரிசைப் பெண்களில் ஒருத்தி, “ஐயோ, என்ன சில்லுன்னு இருக்கு” என்றாள். களகளப்பு. நன்றி. இன்னொரு நன்றி. இருவரும் காலையிலிருந்து ஒரு நிமிடம் வாய் மூடாதவர்கள். மூடிக்கொண்டார்கள்.

சுனில்தா இருக்கையில் மண்டியிட்டுத் திரும்பினாள். பின்னால் எல்லாம் கருப்பு. பிளாசிதாவின் முகம் மட்டும் மங்கலாகத் தெரிந்தது. அவள் தோளுக்குப் பின்னாலிருந்து குவளை வந்தது. நிரம்பி, விளிம்பில் தளும்பி. கொடுத்த கை தெரியவில்லை.

“குடிக்காத.”

“ஏன்டி?”

“சொல்றேன்ல, குடிக்காத. கீழ கொட்டிடு.”

“வர்ற குவளைய வேணாங்கறதுக்கு நான் என்ன பிரேசில்காரியா?” பிளாசிதா சிரித்தாள். குழலை வாயில் வைத்தாள்.

களகளப்பு.

சிரிப்பு அவள் முகத்திலேயே நின்றது. “நன்றி” என்றாள், யாரிடமோ.

“பிளாசிதா.”

தோளைப் பிடித்து உலுக்கினாள். சட்டை சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. அதனடியில் உடம்பு, குளிர்ந்து, கனத்து, ஆடாமல்.

மகளின் மணிக்கட்டைத் தேடிப் பிடித்தாள். சூடாக இருந்தது. கடவுளே, சூடாக இருந்தது. இழுத்தாள். பிளாசிதாவின் கை குழந்தையின் இடுப்பைச் சுற்றி இறுகியிருந்தது. ஒரு விரலைக்கூடப் பிரிக்க முடியவில்லை. நகத்தால் கீறினாள். குனிந்து கடித்தாள். வாயில் ஆற்றுச் சேற்றின் ருசி.

“அம்மா?” யெருத்தி விழித்துக்கொண்டாள்.

“ஒண்ணுமில்ல கண்ணு. அம்மாட்ட வா. நழுவி வா.”

தண்ணீர் ஊற்றும் சத்தம். மிக அருகில்.

இருட்டிலிருந்து குவளை இறங்கியது. யெருத்தி தூக்கக் கலக்கத்தில் இரண்டு கைகளாலும் அதை வாங்கிக்கொண்டாள்.

“யெருத்தி. அதை அம்மாட்ட குடு. குடிக்காத.”

“நீட்டினா வேணாம்னு சொல்லக் கூடாதுன்னு நீதானேம்மா சொன்ன?”

சுனில்தா பாய்ந்தாள். இருக்கையின் இரும்புக் கம்பி விலாவில் இடித்தது. விரல்கள் குவளையின் விளிம்பைத் தொட்டன. தொட்டன, அவ்வளவுதான்.

சின்னக் களகளப்பு.

“நன்றி” என்றது குழந்தை. நல்ல பிள்ளையாக.

பிடித்திருந்த மணிக்கட்டு குளிர்ந்தது.

ஒரு மோட்டார் சைக்கிளின் வெளிச்சம் பின் கண்ணாடி வழியாக நுழைந்து வேனை ஒரு முறை துடைத்துக்கொண்டு போனது. வரிசை வரிசையாக முகங்கள். எல்லா வாய்களும் லேசாகத் திறந்திருந்தன. எல்லா வாய்களிலிருந்தும் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது, மோவாய் வழியே, மார்பு வழியே, விடாமல், அருவிபோல் வெள்ளையாக. மழைக்கோட்டு மூட்டை கிடந்த இடம் காலியாக இருந்தது.

வெளிச்சம் போய்விட்டது. குவளை மீண்டும் நிறையும் ஓசை. யெருத்தி அதை இரண்டு கைகளாலும் தூக்கிப் பிடித்தாள். கனத்தில் தளும்பியது. அவளுக்குப் பின்னாலிருந்து, வெளிறிய, தோல் சுருங்கிய ஒரு கை நீண்டு வந்து, பிள்ளையின் முழங்கையைப் பதமாகத் தாங்கிக்கொண்டது.

“குடிம்மா,” என்றாள் யெருத்தி, ஒவ்வொரு சொல்லோடும் நீர் வழிய. “எல்லாரும் குடிச்சாச்சு. குடியேன்.”