நீல உப்பு

விளக்கை அணைத்த பிறகும் அலமாரியில் ஏதோ மிச்சமிருந்தது. வெளிச்சம் என்றுகூடச் சொல்ல முடியாது. தண்ணீரில் கரைத்த மைச் சொட்டு மாதிரி ஒரு நீலம். அவள் போர்வைக்குள்ளிருந்து கழுத்தை மட்டும் நீட்டிப் பார்த்தாள். அப்பா கொடுத்த படிகம்.

அப்பாவின் ஆலையில் லாந்தனம் புரோமைடு என்ற உப்பை உலையில் உருக்கி, மெல்ல மெல்ல ஆறவைத்துப் படிகமாக வளர்ப்பார்கள். காற்றின் ஈரம் பட்டாலே கரைந்துவிடும். அதனால் மூடிய பெட்டிக்குள் கையுறை வழியாகக் கைவிட்டுத்தான் அறுப்பார்கள். விரிசல் விட்டுக் கழித்த துண்டு ஒன்றை அப்பா குப்பியில் அடைத்து, வாயை உருக்கி மூடிக் கொண்டுவந்திருந்தார்.

"ராத்திரியில மின்னுமாப்பா?"

"இது என்ன மின்மினியாடி? கதிர்வீச்சு பட்டாத்தான் ஒளிரும். அதுவும் ஸ்கேன் மெஷினுக்குத்தான் தெரியும். நம்ம கண்ணுக்கே தெரிஞ்சா, துணிமணியக்கூட எடுக்காம ஓடணும்" என்று அன்று சிரித்தார்.

இப்போது கண்ணுக்கே தெரிந்தது.

அம்மா இன்னும் வேலையிலிருந்து வரவில்லை. பக்கத்து அறையிலிருந்து வாந்தியின் புளித்த வாடையும், அப்பாவின் முனகலும், அவர் மார்பில் தூங்கும் கைக்குழந்தைத் தம்பியின் மூச்சும் ஒன்றன்மேல் ஒன்றாக வந்துகொண்டிருந்தன. கையில் கிடைத்ததையெல்லாம் வாயில் போடும் தம்பிக்கு வீட்டில் மூட்டை என்று பெயர். அவள் குப்பியோடு நடந்தாள். நடக்க நடக்க நீலம் தடித்தது.

"அப்பா... இது எரியுதுப்பா."

அப்பா தலையைத் தூக்கிக் குப்பியைப் பார்த்தார்.

"ஆலையிலயும் கதிர்வீச்சு அளக்குற மெஷின் கத்திக்கிட்டேதான் இருந்துச்சு. படிகத்த சோதிக்க வச்சிருந்த கதிர்வீச்சுத் துணுக்கு, பொட்டு அளவுதான், சோதனை அறையில அத காணோமாம். மெஷின் கோளாறு, வேலையப் பாருங்கடான்னுட்டாரு சூப்பர்வைசர். சொல்லிட்டு அவர் லீவுல போயிட்டாரு. புத்திசாலி." உதட்டைத் துடைத்துக்கொண்டார். "என் துணியில ஒட்டி வந்திருக்கும். மூட்டையத் தூக்கிட்டு ஓடு. திரும்ப எங்கிட்ட வராத."

குப்பியோடு தம்பியையும் அள்ளிக்கொண்டு ஓடினாள். கூடம். சமையலறை. பின்கதவு. அப்பா தூரத்தில் இருந்தார். இனி அணைந்துவிடும்.

அணையவில்லை.

குப்பியைத் தம்பியின் தலையருகே பிடித்தாள். சற்று மங்கியது. நெஞ்சு. கூடியது. வயிறு.

சுவரெல்லாம் நீலம். பாத்திரமெல்லாம் நீலம். மூட்டை கண்விழித்தான். வெளிச்சத்தைப் பார்த்துப் பொக்கை வாயால் சிரித்து, இரண்டு கைகளையும் நீட்டினான்.