மெல்போவின் தாடை

கல்லறைத் தோட்டத்துக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது காலை ஒன்பது மணி. என்னைக் கட்டிக்கொள்ளப்போகும் லாம்ப்ரோஸின் தோளில் மண்வெட்டி இருந்தது. என் கையில் இரண்டு போத்தல் சிவப்பு ஒயின், வெள்ளைத் துணி, தகரப் பெட்டி.

என் அக்கா மெல்போவைப் புதைத்து மூன்று வருஷம் முடிந்திருந்தது. எங்கள் ஊர் வழக்கப்படி மூன்றாம் வருஷம் எலும்பை எடுத்து ஒயினில் கழுவி, பெட்டியில் போட்டு எலும்பறையில் வைக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் வீட்டில் கல்யாணம்.

எலும்பு கழுவும் கலோமிரா அத்தை சிகரெட்டோடு காத்திருந்தாள்.

"வா மாப்ளே. ஞாயித்துக்கெழம கல்யாணம், இன்னைக்கு எலும்பா? பொண்ணு பயந்து ஓடிரப் போறா."

"எவாந்தி எங்கயும் ஓட மாட்டா அத்தை." லாம்ப்ரோஸ் சிரித்துக்கொண்டே என் தோளைத் தொட்டான்.

மெல்போ பாறையிலிருந்து தவறி விழுந்தாள் என்று போலீஸ் எழுதி மூடிவிட்டது. நான் நம்பவில்லை. அந்தப் பாறையில் சிறு வயதிலிருந்து ஓடி விளையாடியவள் அவள். ஆனால் எனக்கு நாலு பேர் முன்னால் பேச வராது. எனக்காகப் பேசியவன் லாம்ப்ரோஸ். ஸ்டேஷன், டாக்டர், கடைசியாக அவளைப் பார்த்தவர்கள் என்று மூன்று வருஷம் என்னோடு அலைந்தான். ஆடு மேய்க்கும் தோதோஸ்மேல் சந்தேகம் என்று ஒருமுறை சொன்னேன். தோதோஸின் கையைக் கல்லில் வைத்து முறித்தான். எலும்பு நொறுங்கும் சத்தத்தை அன்றுதான் முதலில் கேட்டேன். தோதோஸ் கடைசிவரை இல்லை என்றே அழுதான்.

அன்று மாலைதான் லாம்ப்ரோஸை முத்தமிட்டேன். அவன் இடது காதில் பாதி மடல் கிடையாது. மெல்போ செத்த அன்று காலையில் வளர்த்த நாய் கடித்துப் பிய்த்துவிட்டது, கப்பல் வேலையில் போட்ட வெள்ளி வளையமும் அதோடு போய்விட்டது என்றான். நாயை அவனே சுட்டுக் கொன்றான்.

மண் வறண்டிருந்தது. பலகை மக்கிப்போயிருந்தது. விலா, முதுகெலும்பு, கால் எலும்பு என்று அத்தை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுக்க, நான் ஒயினில் கழுவினேன். கடைசியில் தலை வந்தது.

நான் உயிரியல் படித்தவள். சதை போனால் கீழ்த்தாடை கழன்று தனியே விழுந்துவிடும்.

இது விழவில்லை.

பல்லோடு பல் இறுகியிருந்தது.

"அன்னைக்கே இப்பிடித்தான்," என்றாள் அத்தை மெதுவாக. "செத்தவளுக்குத் தாடையக் கட்டணும்ல? கட்டவே வேண்டி வரல. ஆகஸ்ட் வெயிலு, சீக்கிரம் பொதைங்கன்னு எல்லாரும் அவசரப்படுத்திட்டாங்க."

அவசரப்படுத்தியது லாம்ப்ரோஸ்.

"கழுவுனது போதும். பெட்டில போடுங்க," என்று அவன் கிசுகிசுத்தான்.

நான் தலையை மடியில் வைத்து ஒயினை ஊற்றினேன். "மெல்போ, நான்தான்."

தாடை திறந்தது.

என் மடியில் ஒரு வெள்ளி வளையம் விழுந்தது. அதில் ஒரு துண்டுக் காது மடல் தொங்கியது. மூன்று வருஷம் மண்ணில் கிடந்த சதை. அதிலிருந்து ரத்தம் சொட்டியது.

லாம்ப்ரோஸின் கை தானாகக் காதுக்குப் போனது.

"நாய்னு சொன்னியே," என்றேன்.

அவன் குனிந்து மண்வெட்டியை எடுத்தான். பிறகு சொன்னான். "மெல்போகிட்ட ஒன்னையப் பொண்ணு கேட்டேன். எம் பொணத்தத் தாண்டித்தான் அவளத் தொடணும்னா. என்ன செய்யச் சொல்ற?"

அத்தை எழுந்தாள். மண்வெட்டிக் காம்பு அவள் முகத்தில் இறங்கியது. பல் தெறித்து ஒயினில் விழுந்தது. அடுத்த அடி என் தோளில். மயிரைப் பிடித்து என் முகத்தைக் குழி மண்ணில் அழுத்தினான். வாயில் மண். மூச்சில் மண். இன்னொரு கையால் என் மடியில் வளையத்தைத் துழாவினான்.

அந்தக் கை மெல்போவின் வாய்க்குள் போனது.

தாடை மூடியது.

தோதோஸின் கையில் கேட்ட அதே சத்தம்.

அவன் அலறினான். கையைக் கவ்விய தலையைக் கல்லில் அடித்தான். ஒருமுறை, இருமுறை, ஏழுமுறை. அது உடையவில்லை, விடவும் இல்லை. கையில் அது தொங்க, ரத்தம் பீறிட, மதிலைத் தாண்டிப் பாறைப் பக்கம் ஓடினான். அலறல் தேய்ந்துகொண்டே போய், சட்டென்று நின்றது.

மதியம் போலீஸ் அவனைக் கடலிலிருந்து தூக்கியது. வலது கையில் விரல்கள் இல்லை. மெல்போவின் தலை எவ்வளவு தேடியும் கிடைக்கவில்லை.

நான் அத்தையை ஆஸ்பத்திரியில் விட்டுத் திரும்பி வந்தேன். குழியருகே வெள்ளைத் துணியின் நடுவில் மெல்போவின் தலை இருந்தது. கடல் தண்ணீர் சொட்டியது. பல்லோடு பல் இறுகியிருந்தது.

நானே பெட்டியில் வைத்துப் பூட்டினேன்.

இது நடந்து இரண்டு வருஷம். போன வாரம் பள்ளிக்கூடத்துப் புது வாத்தியார் என்னோடு எலும்பறைவரை வந்தார். நல்லவர், அதிகம் பேசாதவர். விளக்கேற்றும்போது என் கையைத் தொட்டார். நானும் எடுக்கவில்லை.

பெட்டிக்குள் நறநறவென்று சத்தம் கேட்டது.

"எலியா இருக்குமோ?" என்று சிரித்தார்.

நான் கையை எடுத்துக்கொண்டேன். சத்தம் நின்றது.