செங்கோடனின் கரித்துண்டு

முப்பத்தேழில் நிற்க வேண்டிய வெப்பமானி, முப்பத்துநான்கில் நின்றுகொண்டு கோகிலவாணியை முறைத்தது. அடைகூடத்தின் உள்ளே தட்டுத்தட்டாக நாற்பதாயிரம் முட்டைகள், மூன்று நாளில் குஞ்சாக வேண்டியவை. இப்போது ஆறவிட்டால் அத்தனை உயிரும் ஓட்டுக்குள்ளேயே முடிந்துவிடும். நாமக்கல்லின் அந்தக் கோழிப்பண்ணையில் பதினோரு வருடமாகப் பொரிப்பகப் பொறுப்பாளராக இருப்பவளுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஹீட்டரைப் போட்டால் பிரேக்கர் 'டப்' என்று விழுந்தது. தூக்கிவிட்டால் மறுபடியும் 'டப்'.

காரணம் அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. தடைநீக்கி.

இரண்டு வருடத்துக்கு முன்பு வந்த சாறு அது. கம்பியின் நுனியில் ஒரு சொட்டு விட்டால் போதும், எறும்பு ஊர்வதுபோல் உலோகம் முழுக்க ஊர்ந்து மின்தடையை அடியோடு எடுத்துவிடும். எவ்வளவு நல்ல செம்பானாலும் மின்சாரம் கொஞ்சம் முட்டி மோதித்தான் போகும்; மோதும் இடத்தில் சூடு பிறக்கும். சாறு ஊறிய கம்பியில் மோதலே இல்லை. மேட்டூரில் கிளம்பிய மின்சாரம் துளி குறையாமல் நாமக்கல் வந்து சேர்ந்தது. மோட்டார்கள் சுடவில்லை. மின்வெட்டு என்றால் என்னவென்று பிள்ளைகள் கேட்டார்கள். ஊர் கொண்டாடியதில் தப்பில்லை.

ஒரே ஒரு சங்கடம். ஹீட்டரின் பிழைப்பே தடையில்தான் இருக்கிறது. சுருளுக்குள் சாறு புகுந்தால் சூடு வராது, மின்சாரம் மட்டும் கட்டுக்கடங்காமல் பாயும். அதனால் சுருளுக்கு முன்னால் ஒரு கரித்துண்டை வைப்பார்கள். கரி மின்சாரத்தை விடும். உலோகத்தில் மட்டுமே ஊரும் சாற்றை விடாது. எலக்ட்ரீசியன் செங்கோடன் இங்கேயும் ஒன்றை வைத்திருந்தார்.

வைத்த அழகுதான் சரியில்லை. பழைய பேட்டரிக் கரி, அதைச் சுற்றி அழுக்குத் துணிநாடா, மேலே அவருடைய எண்ணெய்க் கைரேகை. முட்டைத் தட்டில் ஒரு இறகு ஒட்டியிருந்தாலே சோறு இறங்காதவள் கோகிலவாணி. "வேலைன்னா சுத்தமா இருக்கோணும்" என்று போன வாரம் அவரை வேலையிலிருந்து நிறுத்திவிட்டாள். நேற்று, கரி எதற்கு என்று யாரையும் கேட்காமல் தன் கையாலேயே அதைப் பிடுங்கிவிட்டு, அந்த இடத்தில் பளபளக்கும் செம்புத் துண்டை முடுக்கினாள். யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்ட கதைதான்.

புதுச் சுருள் வர நாலு நாளாகும். விறகு மூட்டினால் புகையே குஞ்சுகளைக் கொன்றுவிடும். வெட்கத்தை விழுங்கிக்கொண்டு போன் போட்டாள்.

"செங்கோடண்ணா, நாந்தானுங்க கோகிலவாணி. கரியைப் புடுங்கிட்டேன்."

"செம்பு வெச்சீங்களா?"

"வெச்சேனுங்க."

"சுத்தமா இருக்குமே" என்றார் செங்கோடன். சிரிக்காமல் சொன்னதற்கே அவருக்குக் கோயில் கட்டலாம் என்று தோன்றியது அவளுக்கு.

அரைமணியில் வந்துவிட்டார். வண்டியில் நான்கு பிளாஸ்டிக் டிரம், ஒரு மூட்டை கல்லுப்பு, ஒரு கட்டு கரித்தண்டு. அடைகூடத்தின் தரையில் ரப்பர் பாயை விரித்து டிரம்களை வைத்துத் தண்ணீர் நிரப்பினார்.

"தண்ணியில எப்படீங்ணா சூடு வரும்?"

"வெறுந்தண்ணி கரண்டைச் சரியா வுடாதுங்க அம்மிணி. உப்புப் போட்டா வுடும். ஆனா செம்பு மாதிரி தாராளமா வுடாது, இழுத்துப் பறிச்சுத்தான் வுடும். அந்த இழுபறிதான் நமக்கு வேணும். உப்புத்தண்ணி உலோகமில்லீங்களே, சாறு உள்ள வந்து என்ன பண்ணும்?"

ஒவ்வொரு டிரம்மிலும் இரண்டு கரித்தண்டுகளைத் தள்ளித்தள்ளி நிறுத்தி, அதே அழுக்குத் துணிநாடாவால் கம்பியைச் சுற்றிக் கட்டினார். சுவிட்சை அணைத்துவிட்டு ஒரு கை உப்பு, பிறகு எல்லோரும் விலகி நின்று சுவிட்சைப் போடுவது. மூன்று முறை ஒன்றும் நடக்கவில்லை. நான்காவது கைக்குத் தண்ணீர் முணுமுணுத்தது, ஆவி எழுந்தது. மத்தியானத்துக்குள் வெப்பமானி முப்பத்தேழைத் தொட்டது. பொரியும் சமயத்தில் முட்டைக்கு ஈரமும் வேண்டும், அதுவும் கூடவே கிடைத்தது. கோகிலவாணி சுவரோரம் உட்கார்ந்து கொஞ்சம் அழுதாள், பிறகு அழுததற்காகச் சிரித்தாள்.

மூன்றாம் நாள் கூடம் முழுக்க கீச்கீச் என்று ஒரே சத்தம். அன்றைக்குத்தான் தடைநீக்கி நிறுவனத்தின் ஆய்வாளர் தியாகேசன் வந்தார். மாவட்டத்திலேயே இந்தப் பண்ணையில்தான் மின்சாரம் அதிகம் வீணாவதாக அவருடைய கருவி காட்டியிருந்தது. டிரம்களையும் துணிநாடாவையும் பார்த்ததும் முகம் சுருங்கிவிட்டது.

"கரண்டை முட்டவிட்டு வீணடிக்கறீங்களே. இதை ஒழிக்கத்தானே எங்க ஆளுங்க இருபது வருஷம் பாடுபட்டாங்க?"

சொல்லிக்கொண்டே கிட்டே குனிந்தார். ஆவி முகத்தில் பட்டு மூக்குக்கண்ணாடி மங்கிப்போனது. அவர் அதைத் துடைக்கவில்லை. நிமிரவும் இல்லை.

"எங்க கம்பெனிக் குடியிருப்புல கரி வைக்க விடமாட்டாங்க, ஒரு கம்பி பாக்கியில்லாம சாறு ஊறிருச்சுங்க" என்றார், குரலை இறக்கி. "கீசர் போயி ரெண்டு வருஷமாச்சு. மார்கழியிலயும் பச்சைத்தண்ணிதான். எம்பொண்ணு குளிக்கவே மாட்டேங்கறா. இதுமாதிரி ஒண்ணு எங்க வீட்டுக்குச் செஞ்சு தருவீங்களா?"

செங்கோடன் தலையைச் சொறிந்தார். "செய்யலாமுங்க. ஆனா நல்லாச் செஞ்சா சூடு வராதுங்களே. கொஞ்சம் மோசமாத்தான் செய்யோணும்."

கோகிலவாணியின் கையில் ஒரு ஈரக் குஞ்சு இருந்தது. புடவையில் ஒட்டியிருந்த ஓட்டுத்துண்டைத் தட்டிவிடக்கூட அவளுக்குத் தோன்றவில்லை.

"அதுக்கு எங்கண்ணனை வுட்டா ஜில்லாவுலயே வேற ஆளில்லீங்க" என்றாள்.