ஊதாக் கோடு

காலை பத்து மணி ஆகியும் சின்னமேட்டு ஏலத் தோட்டங்களில், மகரந்தம் சுமக்கும் பறக்கும் இயந்திரமான தூதி ஒன்றுகூட வந்து இறங்கவில்லை. விடியும் முன்பே மலர்ந்துவிட்ட ஏலப்பூக்கள், மண்ணை ஒட்டிக் கிடந்த சரங்களில் காத்திருந்தன. ஏலப்பூவின் ஆயுள் ஒரு பகல். அதற்குள் மகரந்தம் வந்து சேராவிட்டால் மறுநாள் உதிர்ந்துவிடும். இந்தப் பூப்பருவம் தொடங்கியதிலிருந்து பத்தொன்பது நாட்களாக உதிர்ந்துகொண்டிருந்தது.

சூழலியலாளர் தமயந்தி ஒரு சரத்தைத் தூக்கிப் பார்த்தாள். காய் இருக்க வேண்டிய இடத்திலெல்லாம் காய்ந்த காம்புகள்.

"மத்தியானம் பன்னெண்டு வரைக்கும்தான் டாக்டரம்மா," என்றார் பின்னால் நின்ற ராசாங்கம். ஏலச் சங்கத்தின் தலைவர். "அதுக்கு மேல உறக்கக் கட்டளையப் போட்டு விட்ருங்க. புது மெஷினோட லாரி கீழ போடியில நிக்குது."

உறக்கக் கட்டளை தமயந்தியின் கைக்கருவியில் இருந்தது. அவள் விரல் ரேகைக்கு மட்டுமே கட்டுப்படும். அழுத்தினால் மலை முழுவதும் நாற்பதாயிரம் தூதிகள் பறந்த இடத்திலேயே விழுந்துவிடும். தேனீக்கள் உண்ணி நோயில் அழிந்து முப்பது ஆண்டுகள் ஆகின்றன. அதன் பிறகு காட்டில் எஞ்சிய மரங்களில் பாதி காய்ப்பது இந்தத் தூதிகளால்தான். லாரியில் வந்திருக்கும் இயந்திரங்களோ தோட்ட வேலியைத் தாண்டாதவை.

"காடு என்ன ஆகும்?"

"காடு எனக்கு ஓட்டுப் போடாதும்மா. பதினோரு தோட்டக்காரன் போடுவான்."

தூதிகளுக்கு உயிர் கொடுத்தவள் தமயந்திதான். அதற்கு முந்தைய இயந்திரங்கள் மின்கலத்தில் ஓடின. வாடிய பூவென்றும் புதுப் பூவென்றும் பாராமல் உரசிக்கொண்டிருந்தன. 'கூலி வாங்காத தூது நிலைக்காது' என்று வாதாடி, தமயந்தி இரண்டைச் சேர்த்தாள். ஒன்று பசி: கட்டைவிரல் நகமளவு உடலுக்குள், பூந்தேனைக் குடித்து மின்சாரமாக்கும் வயிற்றுக்கலம். மற்றது நினைவு: ஊட்டிய இடத்துக்குத் திரும்பிப் போக வேண்டும் என்ற ஒரே விதி. மாலையில் கூட்டுப்பெட்டியில் அடையும்போது ஒன்று கற்றதை மற்றவையும் கற்றுக்கொள்ளும். எட்டு ஆண்டுகள் எந்தப் பிசகும் இல்லை.

கைக்கருவியின் வரைபடத்தில் வெளிச்சப் புள்ளிகள் கிழக்குச் சரிவில் ஒரே இடத்தில் குவிந்திருந்தன.

"பவுன்தாய் தோட்டம்," என்றார் ராசாங்கம். "ரெண்டு ஏக்கர்தான். அவ என்னமோ மருந்து வச்சு இழுக்குறா."

அவர்கள் சரிவில் இறங்கும்போதே ரீங்காரம் கேட்டது. நிழல் மரத்தடியில் ஐம்பது வயதுப் பெண் ஒருத்தி சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தாள். இரு கைகளிலும் தோளிலும் தூதிகள் அடை அடையாக அப்பியிருந்தன. இடுக்கியில் பிடித்த ஒரு தூதியின் கிழிந்த இறகில் கண்ணாடித் தாள் போன்ற ஒன்றை ஒட்டிக்கொண்டிருந்தாள்.

"அங்கனயே நில்லுங்க," என்றாள் பவுன்தாய், தலை நிமிராமல். "தலைவரே, மூச்ச மெல்ல விடுங்க. காத்தடிக்குது."

ஒட்டி முடித்ததும் உள்ளங்கையில் ஒரு சொட்டுச் சர்க்கரைத் தண்ணீர் விட்டாள். தூதி குடித்துவிட்டுப் பறந்தது. இன்னொன்று இறகை இழுத்துக்கொண்டு முன்னால் வந்தது.

"இதுங்க எதுக்குக்கா உங்ககிட்ட வருது?" என்றாள் தமயந்தி.

"நான் வெத்தல பாக்கு வச்சா கூப்பிட்டேன்? போன வருசம் இறகு ஒட்டுற சங்கத்துப் பட்டறைய மூடுனாக. இறகு கிழிஞ்சதெல்லாம் மண்ணுல ஊர்ந்துச்சு. தோட்டத்து ஆளுக செத்தையோட கூட்டித் தீ வச்சாக. பழைய மெஷின் காலத்துல இருந்து பதினாறு வருசம் அந்தப் பட்டறையில ஒட்டுன கை இது. பாத்துக்கிட்டு இருக்க முடியுமா?"

"ஒட்டுறது வெட்டி வேலைன்னு சங்கம் முடிவு பண்ணுச்சு," என்றார் ராசாங்கம்.

"அப்ப அந்தச் சங்கமே குனிஞ்சு பூப்பூவா உரசட்டும்."

தமயந்தியின் கண் பவுன்தாயின் சட்டையில் நின்றது. பட்டறைச் சீருடை. வெள்ளைத் துணியில் ஊதாக் கோடுகள். ஏலப்பூவின் இதழிலும் அதே கோடுகள்தான். தேன் இங்கே என்று தூதிக்குக் காட்டுவது அவைதான்.

"அக்கா, அந்தச் சட்டையக் கொஞ்சம் கழட்டித் தர்றீங்களா?"

பவுன்தாய் மரத்துக்குப் பின்னால் போய்ச் சேலையை இழுத்துப் போர்த்திக்கொண்டு சட்டையை நீட்டினாள். தமயந்தி அதை இருபதடி தள்ளி ஒரு கிளையில் மாட்டினாள். நூறு தூதிகளாவது அதில் போய் அமர்ந்து உறிஞ்சுகுழலை நீட்டித் துழாவின. ஒன்றும் கிடைக்கவில்லை. ஒவ்வொன்றாகப் பவுன்தாயின் வெறுங்கைக்கே திரும்பின.

ஊட்டிய இடத்துக்குத் திரும்பு என்றுதான் தமயந்தி விதி எழுதியிருந்தாள். அந்த இடம் பூவாக இருக்க வேண்டும் என்று எழுதவே இல்லை.

"மணி பதினொண்ணே முக்கால்," என்றார் ராசாங்கம். "பழுது என்னன்னு தெரிஞ்சு போச்சுல்ல. அழுத்துங்க."

"பழுதே இல்லைங்க. பூ தேன் மட்டும்தான் தருது. இவங்க இறகும் தர்றாங்க. எங்க இருந்தா பிழைக்கலாமோ அங்க இருக்குதுங்க. பக்கத்துல இருக்குற பூவுக்குப் போகுதுங்க."

"அப்ப நாங்க?"

"நீங்க தீ வச்சீங்க. அங்க போனது திரும்பலைன்னு கூட்டுக்கே தெரியும்."

பவுன்தாயின் செடிகளடியில் சரம் சரமாய்ப் பச்சைக்காய் நெருக்கிப் பிடித்திருந்தது. குனிந்து ஒரு சரத்தைத் தூக்கிய ராசாங்கம் நெடுநேரம் அதைக் கீழே விடவில்லை.

"தோட்டத்துக்கு ஓர் ஆள், இறகு ஒட்ட. பத்து நாள் குடுங்க," என்றாள் தமயந்தி. பெருவிரலை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டிருந்தாள்.

"பத்து நாள். பதினோராம் நாள் நானே உங்க விரலப் பிடிச்சு அழுத்துவேன்."

ஒன்பதாம் நாள் காலையில் தமயந்தி மறுபடி மலையேறினாள். ராசாங்கத்தின் தோட்டத்தில் செடிகளுக்கு நடுவே வெள்ளையாக ஏதோ தெரிந்தது. கிட்டப் போனாள். ராசாங்கம்தான். ஊதாக் கோடு போட்ட வெள்ளைச் சட்டையில், மண்ணில் மண்டியிட்டு, சர்க்கரைச் சொட்டு ஏந்திய உள்ளங்கையை விரித்தபடி அசையாமல் இருந்தார். பக்கத்தில் இறகுத் தாளும் பசையும்.

"பேசாதீங்க," என்றார் உதடு பிரியாமல். "நேத்து நாப்பது வந்துச்சு."

"காய்?"

"பிடிக்குதும்மா." குரல் தாழ்ந்தது. "ஆனா மேலத்தோட்டத்து மாயழகு சட்டையில ஊதாக் கோட்ட ரெண்டு விரல் தடிமனாப் போட்டுட்டான். மொத நாளு எல்லாம் அங்கயே போச்சு. சங்கத்துல கேக்கப் போறேன்."

மாயழகு சர்க்கரையும் வைக்கவில்லை, இறகும் ஒட்டவில்லை. முதல் நாள் அவன்மேல் முந்நூறு அமர்ந்தன. நான்காம் நாள் ஒன்றும் இல்லை. இப்போது அவனும் இடுக்கியோடு பவுன்தாயின் முன்னால் உட்கார்ந்து தொழில் பழகுவதாகச் சொன்னார்கள்.

தமயந்தி சரிவில் நின்று பார்த்தாள். பனி விலக விலக, பதினோரு தோட்டங்களிலும் வெள்ளையும் ஊதாவுமாக மனிதர்கள், கை விரித்து, மூச்சடக்கி. ஒரு தூதி வந்து அவளுடைய சாம்பல் நிறச் சட்டைக் கையில் அமர்ந்தது. குழலை நீட்டி இருமுறை துழாவியது. பறந்துபோயிற்று.

அவளுடைய குறிப்பேட்டில் நெடுங்காலமாக இரண்டு பத்திகள். வலப்பக்கம் தூது போவன. இடப்பக்கம் ஊட்டுவன: ஏலம், நாவல், காட்டு இஞ்சி. பேனாவை எடுத்து, இடப்பக்கத்தில் காட்டு இஞ்சிக்குக் கீழே 'மனிதர்' என்று எழுதினாள்.

அன்று மாலை போடிக்கு இறங்கியதும் பேருந்து நிலையத்தருகே ஒரு துணிக்கடையில் நுழைந்து, வெள்ளையில் ஊதாக் கோடு இருக்கிறதா என்று கேட்டாள்.

"தீந்து போச்சும்மா," என்றார் கடைக்காரர். "மலைக்காரங்க அள்ளிட்டுப் போயிட்டாங்க. திங்கக்கிழம வாங்க, இன்னும் தடிக்கோடா வருது."