நாற்பத்தொன்றாவது மூச்சு

ஆவடி குவார்ட்டர்ஸில் ஜஸ்டின் வீட்டு வாசலில் நான் வண்டியை நிறுத்தியபோது காலை ஒன்பதரை. 2021 மே மாதம். பத்து மணிக்கு மேல் ரோட்டில் நின்றால் போலீஸ் வண்டிச் சாவியைப் பிடுங்கிக்கொள்கிற காலம். அதனால் உள்ளே போகவில்லை, உட்காரவில்லை, ஆறுதலாக ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. ஜஸ்டினின் அம்மா சுசீலா இரண்டு மாஸ்க் போட்டுக்கொண்டு, ஜன்னல் கம்பி வழியாக ஒரு துணிப்பையை நீட்டினார். உள்ளே அவனுடைய ஹார்டு டிஸ்க்.

“கடைசியா பாடுனது இதுலதாம்ப்பா இருக்கு. தெனமும் போட்டுக் கேக்கேன்.” ஆவடிக்கு வந்து நாற்பது வருடமாகியும் அவர் பேச்சில் நாகர்கோவில் போகவில்லை. “நடுவுல நடுவுல மூச்சு இழுக்கான்லா, அப்பம் பக்கத்துல உக்காந்திருக்க மாதிரியே இருக்கு.”

“பத்திரமா திருப்பித் தந்துடறேம்மா” என்றேன். அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே டிஸ்க்கின் மேல் சானிடைசர் அடித்துத் துடைத்தேன். இப்போது நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது.

ஜஸ்டின் எங்கள் ராக் பேண்டின் பாடகன். நான் கிடார், ஜீவா டிரம்ஸ். பதினாறு வருடம். எனக்கு அம்பத்தூரில் ஐ.டி. வேலை, ஜீவாவுக்குப் பட்டாபிராமில் செல்போன் கடை, ஜஸ்டினுக்கு எந்த வேலையும் ஆறு மாதம் தாண்டியதில்லை. கல்லூரி விழா, சர்ச் மைதானம் என்று எங்கே கூப்பிட்டாலும் போவோம். ஒரு கல்யாணத்தில் பெண்ணின் அப்பா பாதிப் பாட்டில் வந்து ஒயரைப் பிடுங்கினார்; ஜஸ்டின் மைக் இல்லாமலே பாடி முடித்தான். அப்படி ஒரு தொண்டை. அப்படிப்பட்டவன், ஏப்ரல் கடைசியில் படுக்கை கிடைக்காமல், ஆஸ்பத்திரி வாசலில் வரிசையில் நின்ற ஆம்புலன்ஸுக்குள்ளேயே மூச்சு முட்டிச் செத்துப்போனான். முப்பத்தெட்டு வயது.

முப்பதாம் நாள் ஜெபத்தை ஜூமில் வைத்திருந்தார்கள். அதில் அவனுடைய கடைசிப் பாட்டைப் போட வேண்டும், சுத்தம் செய்து கொடு என்று ஜீவா சொன்னான்.

சுத்தம் என்றால் என்னவென்று சொல்லிவிடுகிறேன். பாடுகிறவன் ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் நடுவில் மூச்சு இழுப்பான். கம்ப்யூட்டர் திரையில் பாட்டு மலைத்தொடர் மாதிரி ஓடும். மூச்சுகள் நடுவில் சின்னச் சின்ன மேடுகளாகத் தெரியும். ஒவ்வொன்றாகப் பிடித்து அழித்துவிட்டால் பாட்டு பளிச்சென்று ஆகிவிடும். பல ஸ்டுடியோக்களில் செய்கிற வேலைதான். எனக்கு அதில் ஒரு வெறியே உண்டு. ஜஸ்டினுக்கு மட்டும் பிடிக்காது. “மச்சான், மூச்ச தூக்கிட்டா அப்பால பாடுறவன் பொணம்டா” என்பான். சரி சரி என்று தலையாட்டிவிட்டு அழித்துவிடுவேன்.

டிஸ்க் வந்த மூன்றாம் நாள் சாயங்காலம் அகல்யாவுக்குப் பாசிட்டிவ் என்று போனில் செய்தி வந்தது. அகல்யா என் மனைவி. பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். “சரி, பதினாலு நாள். எனக்கு ஒரு தட்டு, ஒரு டம்ளர் தனியா வச்சிடு” என்று சொல்லிப் படுக்கையறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அழுதது நான்தான்.

சும்மா இருக்கமுடியாமல் அன்றைக்கே பாட்டைத் திறந்தேன். பிரதி எடுக்கவில்லை. இத்தனை வருடத்தில் ஒருநாளும் செய்யாத தப்பு, அசலிலேயே கை வைத்தேன். கடைசி வரிக்கு முன்னால் ஒரு மூச்சு இருந்தது. நீளமாக, கிழிந்து, தரையில் மூட்டையை இழுக்கிற மாதிரி. அதைக் கேட்கச் சகிக்கவில்லை. அந்த ஆம்புலன்ஸ் ஞாபகம் வந்தது. அதை மட்டும் அழித்து, சேமித்து, மூடிவிட்டேன்.

அகல்யா அறைக்குள் போன ஆறாவது நாள் மதியம்தான் மீதி வேலையை எடுத்தேன்.

அண்ணனூரில் எங்கள் ஃபிளாட் மூன்றாவது மாடி. பின்பக்கம் மின்சார ரயில் ஷெட். ஊரடங்கில் பாதி ரயில்கள் அங்கேயே நின்றன. வெயில் கத்திரி வெயில். வீடு முழுக்க நொச்சி இலையும் டெட்டாலும் கலந்த வாடை. அகல்யாவுக்கு ஐந்து நாளாக எந்த வாசனையும் தெரியவில்லை. அரை மணிக்கொரு தரம் விரலில் ஆக்சிமீட்டரை மாட்டி, கதவுக்குப் பின்னாலிருந்து எண்ணைச் சொல்வாள். தொண்ணூற்றிரண்டுக்குக் கீழே போனால் ஆஸ்பத்திரி என்று போனில் டாக்டர் சொல்லியிருந்தார். எந்த ஆஸ்பத்திரி என்று சொல்லவில்லை. காலையிலிருந்து பதினேழு இடத்துக்குப் பேசிவிட்டேன். ஓர் இடத்திலும் படுக்கை இல்லை. உட்காருவதும் எழுவதும், கதவில் காது வைப்பதும், அடுப்பில் கஷாயத்தைப் பார்ப்பதும், மறுபடி உட்காருவதுமாக இருந்தேன். கைக்கு ஒரு வேலை வேண்டும். ஹெட்போனை மாட்டிக்கொண்டேன்.

‘எட்டு மணி வண்டி எனக்காக நிக்காது’ என்று ஜஸ்டின் பாடினான். மூச்சு இழுத்தான். அழித்தேன்.

“தொண்ணூத்தாறு” என்றாள் அகல்யா.

பத்து மூச்சு அழிந்தது.

“தொண்ணூத்தஞ்சு.”

இருபது.

“தொண்ணூத்திமூணு. கொஞ்சம் பாரமா இருக்கு கோகுல்.”

“குப்புறப் படுத்துக்கோ. டாக்டர் சொன்னாருல்ல.”

நாற்பதாவதையும் அழித்துவிட்டு, பாட்டை முதலிலிருந்து ஓடவிட்டேன். குரல் பளிங்கு மாதிரி இருந்தது. வரிக்கும் வரிக்கும் நடுவில் சுத்தமான மௌனம்.

அந்த மௌனத்தில் யாரோ மூச்சு இழுத்தார்கள்.

பாட்டை நிறுத்தினேன். ஒன்றுமில்லை. ஓடவிட்டேன். வரி முடிந்தது. மூச்சு.

ஹெட்போனைக் கழற்றி மேஜையில் வைத்தேன். அதிலிருந்து பாட்டு கொசுபோலக் கேட்டது. வரி முடிந்தது.

மூச்சு எனக்குப் பின்னாலிருந்து வந்தது.

திரும்பவில்லை. பிடரியில் மட்டும் ஈரமான காற்று பட்டது. கழுத்தைச் சுருக்கிக்கொண்டு, எத்தனை நேரம் என்று தெரியாது, அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

“கோகுல்.” கதவுக்குப் பின்னால் அகல்யாவின் குரல் மெலிந்திருந்தது. “யாரு லவங்கம் மெல்லுறது? வாசனை இங்க வரைக்கும் வருது.”

எங்கள் வீட்டில் லவங்கம் கிடையாது. மேடை ஏறும் முன் கன்னத்தில் ஒரு லவங்கத்தை ஒதுக்கிக்கொள்கிற பழக்கம் ஜஸ்டினுக்கு.

“எண்ணு சொல்லு” என்றேன்.

“தொண்ணூத்தொண்ணு.”

பயத்தில் கை தானாகப் போய் அன்டூவை அழுத்தியது. கடைசியாக அழித்த மூச்சு திரையில் திரும்ப வந்து உட்கார்ந்தது.

“இல்லல்ல, தொண்ணூத்திரெண்டு” என்றாள் அகல்யா. “மீட்டர் சரியில்லையோ.”

அடுத்து நான் செய்ததை யாரிடமும் சொன்னதில்லை. சந்தேகம் தீர்த்துக்கொள்ள, அந்த மூச்சை மறுபடி அழித்துப் பார்த்தேன்.

அவள் இருமினாள். இருமல் நிற்கவில்லை. நடுவில் காற்றுக்காகத் திணறுகிற சத்தம் கேட்டது. படிக்கிற பையன் கணக்கைச் சரிபார்க்கிற மாதிரி என் பெண்டாட்டியின் உயிரைச் சரிபார்த்தேன். இதற்கு மன்னிப்பு கிடையாது, எனக்குத் தெரியும்.

அன்டூவை அழுத்தினேன். மறுபடி மறுபடி அழுத்தினேன். நாற்பது மேடும் ஒவ்வொன்றாக எழுந்தது. உள்ளே இருமல் தணிந்தது.

“எவ்வளவு?”

“தொண்ணூத்திமூணு.”

அதற்கு மேல் ஏறவில்லை. கால் மணி நேரம் கழித்து “தொண்ணூத்திரெண்டு” என்றாள். பிறகு “தொண்ணூறு” என்றாள். பிறகு கூப்பிட்டும் பதில் இல்லை. மாஸ்க்கும் இல்லாமல் கதவைத் திறந்துகொண்டு ஓடினேன். குப்புறக் கிடந்தாள். உதடு வெளுத்து, கண் பாதி மூடி. “தூக்கமா வருது” என்று முனகினாள். 108-க்குப் போட்டேன். உங்களுக்கு முன்னால் முப்பத்தொரு பேர் காத்திருக்கிறார்கள் என்றார்கள்.

அப்போதுதான் உறைத்தது. முதல் நாள் அழித்த மூச்சு. அசலிலேயே அழித்து, சேமித்து, மூடிய அந்த ஒன்று. எந்த அன்டூவுக்கும் அது திரும்பாது.

மேஜைக்கு ஓடினேன். பாட்டிலிருந்து வேறொரு மூச்சைப் பிரதி எடுத்து அந்த இடத்தில் ஒட்டினேன். திரையில் மேடு தெரிந்தது. ஓடவிட்டால் அந்த இடம் மட்டும் ஊமை. இன்னொன்றை ஒட்டினேன். அதுவும் ஊமை. அறையில் லவங்க வாடை கண்ணைக் கரித்தது. பக்கத்து நாற்காலி, ஒலிப்பதிவு நாட்களில் அவன் உட்காருகிற பிளாஸ்டிக் நாற்காலி, ஆள் உட்கார்ந்தது மாதிரி ஒருமுறை முனகியது.

காதருகே, மிக மெதுவாக:

“ஒண்ணு கொறயுது மச்சான்.”

“மன்னிச்சிடுடா” என்றேன். “தெரியாம செஞ்சுட்டேன். அவளை வுட்டுடு.”

“கோவம்லாம் இல்ல. பாடி முடிக்கணும். கடைசி வரியோட மூச்சு எங்க?”

அவன் குரலில் கெடுதல் எதுவும் இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. மேடை ஏறப்போகிறவனின் அவசரம் மட்டும் இருந்தது, என்றைக்கும் போல.

உள்ளே அகல்யாவின் மூச்சு விட்டுவிட்டுக் கேட்டது. நான் மைக்கை இழுத்து வாயருகே வைத்து, பதிவு பட்டனை அழுத்தினேன். பாட்டு ஓடியது. கடைசி வரிக்கு முன் அந்தக் காலி இடம் வந்தபோது, அடிவயிற்றிலிருந்து ஒரு மூச்சு இழுத்தேன்.

இழுத்தது எனக்குள் வரவில்லை.

வாய் திறந்திருந்தது, நெஞ்சு விரிந்தது, காற்று வேறு எங்கோ போனது. திரையில் ஒரு புதிய மேடு எழுந்தது. அதன்மேல் ஏறி ஜஸ்டின் கடைசி வரியைப் பாடினான். ‘எட்டிப் புடிச்சாலும் எடம் ஒண்ணும் கெடைக்காது.’ நான் மேஜைமேல் சரிந்தேன். வரி முடிந்த பிறகுதான் எனக்கு அடுத்த மூச்சு வந்தது.

உள்ளேயிருந்து சத்தம் வந்தது. “கோகுல், தொண்ணூத்தாறு. பசிக்குது, ஏதாவது இருக்கா?”

ரசம் சாதம் கரைத்துக் கொடுத்தேன். அவள் சாப்பிடுவதைக் கதவோரம் நின்று பார்த்துக்கொண்டே அழுதேன்.

முப்பதாம் நாள் ஜெபத்தில் அறுபது பேர். பாதிரியார் வசனம் வாசித்த பிறகு ஜீவா தன் கம்ப்யூட்டரில் பாட்டை ஒரு தடவை ஓடவிட்டான். கடைசி வரிக்கு முன் என் நெஞ்சு நின்றது, சரியாக ஒரு மூச்சு நேரம். மற்றவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். சுசீலாம்மா மட்டும் திரையை நெருங்கி வந்தார்.

“கோகுலு, அந்தக் கடைசி மூச்சு அவன் மூச்சு இல்லியேப்பா. அது யாருது?”

“அவனுதுதாம்மா” என்றேன்.

ஜீவா பாட்டை யூடியூபில் ஏற்றினான். அதன் பிறகுதான் முழுக் கணக்கும் விளங்கியது. யார் எங்கே அந்தப் பாட்டைப் போட்டாலும், ஒவ்வொரு தடவைக்கும் அந்த இடத்தில் எனக்கு ஒரு மூச்சு போகும். மீட்டிங்கில் பேசும்போது, மாடிப்படியில், பல் தேய்க்கும்போது. ஸ்கேன் எடுத்தேன், நுரையீரல் கண்ணாடி மாதிரி சுத்தமாக இருக்கிறது என்றார்கள். ஒருநாள் பொறுக்கமுடியாமல் ஜீவாவிடம் சண்டை போட்டுப் பாட்டை எடுக்க வைத்தேன். அரை மணி நேரத்தில் அகல்யா தோசைக் கல்லைப் பிடித்தபடி கீழே உட்கார்ந்தாள். எண்பத்தொன்பது. மறுபடி ஏற்றச் சொன்னேன், அவள் எண்ணும் ஏறியது; பாட்டை எங்கிருந்து எடுத்தாலும் மூச்சை அவளிடமிருந்து எடுத்த மாதிரிதான். ஜீவா என்னைப் பைத்தியம் என்று நினைத்திருப்பான். நினைக்கட்டும்.

அப்படியே பதினோரு மாதம். நாளுக்கு ஐம்பது பேர், அறுபது பேர். சமாளித்துக்கொண்டேன்.

இன்று வெள்ளிக்கிழமை. சாயங்காலம் ஜீவா போன் செய்தான்.

“மாமே, மேட்டர் கேளு. ஒரு பெரிய சேனல்ல பேசிட்டேன். நாளிக்கி ஜஸ்டின் செத்து ஒரு வருசம் ஆவுதில்ல, ஆறு மணிக்கு நம்ம பாட்ட ஓட வுடறாங்கோ. லட்சம் பேரு ஒரே நேரத்துல அவங்கவங்கோ போன்ல போட்டுக் கேப்பாங்கோன்றான்.”

லட்சம் மூச்சு, ஒரே நேரத்தில் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

“இன்னா மாமே, சந்தோசமா இல்லியா? வோணாம்னா இப்பவே சொல்லு, நிறுத்திர்லாம். ஆனா பாட்ட அவங்கோ பேருக்கு எழுதிக் குடுத்தாச்சு, நிறுத்துனா யூடியூப்ல கீறதயும் தூக்கிடுவாங்கோ.”

எதிரில் அகல்யா தரையில் உட்கார்ந்து விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தாள். சிவப்புப் பேனாவைக் காதில் செருகி, யாரோ ஒரு பிள்ளை போட்ட தப்பைப் பார்த்துத் தனக்குள் சிரித்தாள். அவள் தோள் ஏறி இறங்கியது. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு அவளை விட்டுப் போக விருப்பமில்லை. அவள் போவதைப் பார்க்க அதைவிட விருப்பமில்லை.

“நிறுத்தாத” என்றேன். “ஓட விடு.”

ஜீவா வைத்துவிட்டான். நான் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை.

மறுமுனையில் யாரோ மூச்சு இழுத்தார்கள். அது என் மூச்சு. மைக்கில் நான் கொடுத்த அதே மூச்சு. ஆழமாக இழுத்து, அதை வைத்துக்கொண்டு, ஜஸ்டின் சந்தோஷமாகப் பேசினான்.

“இன்னும் ரெண்டு பாட்டு பாடறதுக்குக் கீது மச்சான்.”