வேல்விழிக்கு வந்த இருமல்

ஏழாம் வகுப்பு வேல்விழிக்கு, யாராவது தப்பாகப் பதில் சொன்னால் பொறுக்காது. டிவியில் செய்தி வாசிப்பவரையே திருத்துவாள். அப்படிப்பட்டவளிடம் போய்ச் சண்முகத்தாய் டீச்சர் ஒரு வேலையை ஒப்படைத்தார்.

எட்டாம் வகுப்பு மாடக்கண்ணுவுக்குக் காதால் கேட்டால் எல்லாப் பாடமும் ஏறும். எழுத உட்கார்ந்தால்தான் வம்பு. எழுத்துகள் இடம் மாறிக் குழப்பும். அதனால் காலாண்டுத் தேர்வில் அவன் வாயால் சொல்ல, கீழ் வகுப்புப் பிள்ளை ஒருத்தர் எழுதலாம் என்று பள்ளியில் ஏற்பாடு செய்திருந்தார்கள். தனி அறை, கூடுதல் நேரம் எல்லாம் உண்டு.

“அவன் என்ன சொல்லுதானோ அதை அப்படியே எழுதணும். நீயா ஒண்ணும் சேக்கக் கூடாது, விடவும் கூடாது,” என்றார் டீச்சர்.

“சரி டீச்சர்.”

சமூக அறிவியல் தேர்வு தொடங்கியது. மாடக்கண்ணு மடமடவென்று சொன்னான். பாதியில் டீச்சர் வந்து தாளை எட்டிப் பார்த்தார்.

‘உப்பளத்தில் கடல்நீரைப் பாய்ச்சுவார்கள். பொறு, மூக்கு அரிக்குது. வெயிலில் நீர் வற்றியதும் உப்பு படியும்.’

“என்னதுளா இது?”

“அண்ணன் சொன்னாவ டீச்சர். நான் எழுதினேன்.”

“மூக்கையெல்லாம் விட்டுரு தாயி,” என்று சிரிப்பை அடக்கிக்கொண்டு டீச்சர் ஜன்னல் பக்கம் போய்விட்டார்.

அடுத்த கேள்வியை வேல்விழி வாசித்தாள். “முத்து எதற்குள் உண்டாகிறது?”

“முத்து, சங்குக்குள் உண்டாகிறது,” என்றான் மாடக்கண்ணு.

பேனா நின்றுவிட்டது. தூத்துக்குடிக்காரன் சொல்கிற பதிலா இது? போன மாதம்தான் வேல்விழி முத்துக்குளித்தலைப் பற்றி மேடையில் பேசிப் பரிசு வாங்கியிருந்தாள். அவளுக்குத் தொண்டை வரைக்கும் ‘சிப்பி’ வந்துவிட்டது. அதை விழுங்கிவிட்டு இருமினாள்.

“சங்குதானா அண்ணே?”

“ஆமா.”

இன்னும் பலமாக இருமினாள். டீச்சர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். குடித்துவிட்டு மறுபடியும் இருமினாள்.

மாடக்கண்ணு குரலைத் தாழ்த்தினான். “ஏளா, நீ எதுக்கு இருமுதேன்னு எனக்குத் தெரியும். தப்புன்னா தப்பாவே இருக்கட்டும். எனக்கு ஒண்ணுமே தெரியாதுன்னுதான் எல்லாரும் நினைச்சிட்டிருக்காவ. இந்த மார்க்காவது என் மார்க்கா இருக்கணும்.”

வேல்விழிக்கு வெட்கமாகிவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு ‘முத்து, சங்குக்குள் உண்டாகிறது’ என்று எழுதினாள்.

விடைத்தாள் கொடுத்த அன்று மாடக்கண்ணுவுக்கு ஐம்பத்து நான்கு. அதுவரை அவன் இருபதைத் தாண்டியதே இல்லை. தாளோடு வேல்விழியைத் தேடி ஓடி வந்தான். பின்னாலேயே அவன் வகுப்புப் பையன் பிரைட்டனும் வந்தான்.

“வேல்விழி எழுதினா எங்க வீட்டு ஆடுகூடப் பாஸாகும்லே,” என்றான் பிரைட்டன்.

மாடக்கண்ணுவின் முகம் சுருங்கிப்போனது. வேல்விழிக்கு வந்ததே கோபம். தாளை வாங்கிப் பிரைட்டன் கையில் கொடுத்தாள்.

“இந்தப் பதிலை வாசிங்க.”

“முத்து, சங்குக்குள் உண்டாகிறது,” என்று வாசித்த பிரைட்டன் விழுந்து விழுந்து சிரித்தான்.

“முத்தைப் பத்திப் பேசிப் பரிசு வாங்கினது யாரு?”

“நீதான்.”

“நான் சொல்லிக் குடுத்திருந்தா இந்தப் பதில் வருமா?”

பிரைட்டன் தலையைச் சொறிந்தான். “வராது. இது சத்தியமா மாடக்கண்ணு சொன்னதுதான்.”

“அப்ப மத்த பதிலும் அண்ணன் சொன்னதுதான்.”

பிரைட்டன் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். “ஏலே, ஐம்பத்து நாலும் உன்னதா?” என்று மாடக்கண்ணுவின் தோளில் ஓங்கித் தட்டினான். மாடக்கண்ணுவுக்கு வலித்தது. ஆனாலும் வாயெல்லாம் பல்லாக நின்றான்.

“அரையாண்டுக்கும் நீதான் எழுதணும்ளா,” என்றான்.

“எழுதுதேன். ஆனா நல்லாப் படிச்சிட்டு வாங்கண்ணே. தப்பான பதிலை நம்ம கையாலயே எழுதுறது எவ்வளவு கஷ்டம்னு உங்களுக்குத் தெரியாது.”